ஓர்லினின் கண்ணாடியில் வால் முளைத்த புள்ளி

ஓர்லின் ஸ்காட்வோல்ட் வாங்கிய புதுத் துப்பாக்கி, ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை வெடிக்கிறதாம். எனக்கு இதைச் சொன்னது பெட்ரோல் பங்க் கல்லாவில் நிற்கும் டாரீன். டாரீனுக்குச் சொன்னது அவள் புருஷன். அவனும் கண்ணால் பார்த்தவன் இல்லை. சனிக்கிழமை துப்பாக்கி கிளப் மைதானத்தில் இருந்த யாரோ சொல்லக் கேட்டவன்.

"ரெண்டுகூட இல்லையாம், மூணாம். மெஷின் கன்னா மாத்தி வச்சிருக்காராம்" என்றாள் டாரீன், என் காபிக்கு மூடி போட்டுக்கொண்டே.

"யாரு மாத்துனாங்க?"

"யாரு மாத்துனா என்ன, வச்சிருக்கறவன்தானே மாட்டுவான். நீ பக்கத்து வீடுதானே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை என்பது மூடியை அவள் அழுத்திய விதத்திலேயே தெரிந்தது.

ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு என்பதுதான் இங்கே சட்டம். இரண்டு போகும்படி யாராவது திருத்தி வைத்திருந்தால் அது வேறு ஆயுதம், வேறு வழக்கு, சிறை. மான் வேட்டைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஊரில் பேசுவதற்கு சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கின் அறுவடையைத் தவிர வேறு எதுவும் இல்லாத அக்டோபர் மாதம். இப்படி ஒரு செய்தி கிடைத்தால் விடுவார்களா. எனக்கோ வேறு கவலை. ஓர்லின் எங்கள் பள்ளிக்கூடப் பேருந்தின் ஓட்டுநர். காலை ஏழு ஐந்துக்கு அந்த மஞ்சள் பேருந்தில் முதல் ஆளாக ஏறுகிறவள் என் மகள் யாழினி. அவளுக்குப் பிறகு பதினான்கு குழந்தைகள்.

இந்த நாட்டில் தங்கப் பச்சை அட்டை கிடைத்துப் பதினோரு வருஷம் ஆகியும், போலீஸ் என்ற சொல் காதில் விழுந்தால் என் கை தானாகப் பையைத் தொட்டுப் பார்க்கும். அன்று காருக்குள் உட்கார்ந்தும் தொட்டுப் பார்த்தேன்.

ஓர்லினைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நகப்பூச்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு அறுபத்து நான்கு வயது. சிவந்த கழுத்து, பெரிய காது, எப்போதும் ஒரே பழுப்புக் கோட்டு. அவர் மனைவி லவோன் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள், விரலில் பூச்சு வைக்க நேரம் இல்லாதவள். அவளுடைய சிவப்பு நகப்பூச்சு முழுவதும் ஓர்லினிடம்தான் தீரும். புல்வெட்டும் இயந்திரத்தின் திருகு, தபால் பெட்டியின் கீல், பெட்ரோல் டேங்க் மூடி என்று எல்லாவற்றின் மேலும் குறுக்கே மெல்லிதாக ஒரு கோடு இழுத்து வைப்பார். யாராவது திருகினால், திறந்தால், கோடு விலகிவிடும். யாரும் திறந்ததே இல்லை. அதனால் அவர் நிம்மதி அடைந்ததும் இல்லை. இருபத்தாறு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறார். ஒரு குழந்தைக்கும் கீறல்கூட விழுந்ததில்லை. தினமும் காலையில் சக்கரத்தின் ஒவ்வொரு நட்டிலும் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

நாங்கள் குடிவந்தபோது எங்கள் மேலும் அப்படி ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். முதல் ஆறு மாதம் தலையசைப்பு மட்டும். எங்கள் வீட்டுக்கு எந்த மாநிலத்து எண் போட்ட கார் எப்போது வந்தது என்பது அவருக்குத் தெரியும். நான் சர்க்கரை ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னதற்கு, ஒரு பீட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்து, இதில் எத்தனை சதவீதம் சர்க்கரை என்று கேட்டார். பதினெட்டே கால் என்று மறுநாள் சொன்னேன். அதே வயலின் இன்னொரு பீட்டை வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் என் பெயரைக் கேட்டார். இளங்கோ என்றேன். கடைசி எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

டாரீன் சொன்ன அன்று மாலையே அவர் எங்கள் வாசலில் நின்றார்.

"கோ, ஞாயித்துக்கெழமை மத்தியானம் உனக்கு ஷிப்ட் இருக்கா?"

"இல்ல."

"மைதானத்துக்கு வா. நீ சுட வேணாம், தொடவும் வேணாம். பாத்து எழுதணும், அவ்வளவுதான்."

"நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"அதான் வேணும். இந்த ஊர்ல எவனக் கூப்டாலும் எவனுக்காச்சும் சித்தப்பன் மவனா இருப்பான். நீ ஒருத்தன்தான் யாருக்கும் ஒண்ணும் இல்ல."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு எங்கோ சுருக்கென்றது.

துப்பாக்கியின் கதையை ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகிற வழியில் சொன்னார். நாற்பது வருஷமாக அவரிடம் இருந்தது கையால் தாழ் இழுத்து ஒவ்வொரு குண்டாக ஏற்றுகிற பழைய துப்பாக்கி. போன வருஷம் தோளில் அறுவைச் சிகிச்சை. சுடும்போது அது தரும் உதையை இனித் தோள் தாங்காது. லவோனின் தம்பி கேலன்தான் செமி ஆட்டோமேட்டிக் வாங்கச் சொன்னான். தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும், உதையும் குறைவு. வாங்கி வந்ததும் கேலனே கம்பெனி விசையைக் கழற்றிவிட்டு, மெல்லத் தொட்டாலே விழுகிற இலகுவான விசை ஒன்றை மாட்டினான். மேலே ஒரு குறிக்கண்ணாடியும் வைத்தான். உள்ளே சிவப்புப் புள்ளி ஒன்று எரியும் சின்னக் கண்ணாடி. புள்ளியை இலக்கின் மேல் வைத்துச் சுட வேண்டியதுதான்.

"ஒண்ணு மச்சான் வேலையக் கெடுத்துருக்கான். இல்ல, கடைக்காரன் யாரோ திருப்பிக் குடுத்தத எனக்குத் தள்ளிருக்கான். ரெண்டுல எதுன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்.

"தெரிஞ்சா?"

"ஊர்ல கதை கட்டுறானுங்க. பள்ளிக்கூடத்துல மார்லிஸ் காதுக்குப் போனா என்னாகும்? மெஷின் கன் வச்சிருக்கறவன் கையில புள்ளைங்களக் குடுப்பாளா?"

மார்லிஸ் பேருந்துகளுக்குப் பொறுப்பானவள். சாலை முழுக்க பீட் லாரிகள் சிந்திய சேறு. ஓர்லின் மெதுவாகத்தான் ஓட்டினார். எதிரே லாரி வந்தபோது மட்டும் முகத்தை லேசாக ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது நான் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேட்டைக்கு முந்திய வார இறுதிகளில் கிளப் மைதானத்தை ஊருக்குத் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து தன் துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மணல் பை வைத்த மேஜைகள், நூறு கஜம் தள்ளி மண் மேட்டின் முன்னால் காகித இலக்குகள். நாங்கள் போனபோது கடைசி மேஜை காலியாக இருந்தது. காலியாக விட்டிருந்தார்கள் என்றும் சொல்லலாம். பக்கத்து மேஜைக்காரர்கள் ஓர்லினுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தங்கள் பொருட்களை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

கேலன் முன்பே வந்து, லவோன் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்டு அனுப்பிய பணியாரத்தில் பாதியை முடித்திருந்தான். பீட் லாரி ஓட்டுகிறவன், ஐம்பது வயதுக்காரன், சத்தமாகச் சிரிப்பவன்.

"வாங்க மாமா. சாட்சியோட வந்திருக்கீங்க. வக்கீல் எங்க?"

"உன் வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு. ரெண்டு குண்டுதான் போடணும், அதுக்கு மேல போடாத. எத்தன வெடிக்குதுன்னு கோ எழுதுவான்."

கேலன் இரண்டே குண்டுகள் போட்டான். துப்பாக்கியைத் தோளில் இறுக்கி வைத்துக்கொண்டு அழுத்தினான். ஒன்று. மறுபடி அழுத்தினான். ஒன்று. இப்படி ஐந்து சுற்று. பத்து அழுத்தல், பத்து வெடி. நான் எழுதினேன்.

"என் கைக்கு அடங்கித்தான் இருக்கு. ஆளப் பாத்து வால ஆட்டுது போல" என்றான் கேலன்.

ஓர்லின் உட்கார்ந்தார். இரண்டு குண்டு. துப்பாக்கியை மணல் பையின் மேல் படுக்க வைத்தார். இடது கையால் பின்பக்கப் பையை மெல்லப் பிசைந்து உயரத்தைச் சரிசெய்தார். மூச்சை விட்டார். டட்டப் என்று இரண்டும் ஒன்றாகப் போயின. பக்கத்து மேஜையில் பேச்சு நின்றது.

"பாத்தியா? எழுது. பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"ஒரு தடவதானே அழுத்துனேன்?"

அவர் விரலையும் என் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு தடவைதான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. அவர் முகம் மாறியது. என்னையும் சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னொரு தடவ சுடுங்க. நான் கைய மட்டும் பாக்கறேன்" என்றேன்.

மறுபடியும் டட்டப். இந்தத் தடவை பார்த்துவிட்டேன். துப்பாக்கி பையின் மேல் சும்மா கிடந்தது. அவருடைய தோள் அதைத் தொட்டும் தொடாமல் இருந்தது. விரலைத் தவிர வேறு எந்தப் பிடியும் இல்லை. வெடித்ததும் துப்பாக்கி பின்னால் போய், முன்னால் வந்து, அசையாமல் நின்ற விரலில் தானே போய் முட்டியது.

கேலனிடம் சொன்னேன். மெல்லுவதை நிறுத்திவிட்டு ஓர்லினைப் பார்த்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மாமா, இன்னும் உங்க அப்பா சொல்லிக் குடுத்த மாதிரியே புடிக்கிறீங்களா?"

"வேற எப்படிப் புடிக்கணும்? மேஜையில வச்சு சுட்டா சும்மா கெடக்க விடணும். அப்பதான் குறி ஒழுங்கா விழும்."

"அது தாழ் இழுக்கற துப்பாக்கிக்கு. அதுல ரெண்டாவது குண்டு நீங்களே இழுத்தாத்தான் ஏறும், எத்தன தடவ முட்டுனா என்ன. இதுல அது பாட்டுக்கு ஏறி ரெடியா நிக்குது. நான் மாட்டுன விசையோ தும்முனா விழும். தோள்ல இறுக்கிப் புடிச்சு, அழுத்துன விரல அப்படியே வச்சிருங்க."

ஓர்லின் நம்பவில்லை. நாற்பது வருஷத்துப் பிடி. ஆனாலும் இறுக்கினார். ஒன்று. ஒன்று. ஆறு சுற்று, பன்னிரண்டு அழுத்தல், பன்னிரண்டு வெடி. கேலன் பக்கத்து மேஜைகளுக்குக் கேட்கும்படி எண்ணிக்கையைக் கத்தினான். அங்கே ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"கம்பெனி விசையத் திருப்பி மாட்டிரு. உன் விசையும் வேணாம், நீயும் வேணாம்" என்றார் ஓர்லின். ஆனால் குரலில் கோபம் இல்லை. ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தார். அந்த இரண்டு நிமிஷம்தான் அவர் நிம்மதியாக இருந்து நான் பார்த்தது.

பிறகு கேலன் தொலைநோக்கியில் இலக்கைப் பார்த்தான்.

"ஏன் மாமா, மான சுடப் போறீங்களா, மானச் சுத்தி இருக்கற காட்டையா?"

கேலனுடைய பத்துக் குண்டும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் அடங்கும். ஓர்லினுடைய குண்டுகள் காகிதம் முழுக்கச் சிதறியிருந்தன. இரண்டு காகிதத்துக்கு வெளியே.

"என் கை இல்ல. கண்ணாடி கெட்டுப்போனது. புள்ளி புள்ளியாவே இல்ல. நசுங்கின ராஸ்பெரி மாதிரி இருக்கு, கீழ ஒரு வாலு வேற. எத நடுன்னு வச்சு சுடறது?" என்றார் ஓர்லின்.

"எனக்கு உருண்டையாத்தானே தெரியுது" என்றான் கேலன்.

"உனக்கு விக்கிறவன் சொன்னதெல்லாம் தெரியும்."

"அப்ப கண்ணாடி ஆடுதா பாருங்க, திருகு தளர்ந்திருக்கும்."

ஓர்லின் குனிந்தார். கண்ணாடியைப் பிடித்திருக்கும் திருகுகளின் மேல் சிவப்புக் கோடுகள் இருந்தன. அவரே போட்டது. நானும் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் திருகின் தலையிலிருந்து உலோகத்துக்கு உடையாமல் ஓடியது. எதுவும் நகரவில்லை. கடைக்காரனும் இல்லை, மச்சானும் இல்லை. அவர் விரலால் கோட்டைத் தடவி, வேறு ஏதாவது இருக்கும் என்று இன்னும் கொஞ்ச நேரம் தேடினார்.

ஆலையில் ஒரு கருவி தப்பான எண் காட்டினால் நாங்கள் செய்வதை நான் செய்தேன். வேறொரு கண்ணால் பார்ப்போம். துப்பாக்கியைக் காலி செய்து வைக்கச் சொல்லி, செல்போன் கேமராவைக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்தேன். திரையில் சின்னதாக, சுத்தமாக, ஒரு சிவப்பு உருண்டை.

"அது போனு. போன்ல எல்லாம் அழகாத்தான் இருக்கும்" என்றார் ஓர்லின்.

"சரி, துப்பாக்கியச் சாய்ச்சுப் புடிங்க. வால் சாயுதா?"

சாய்த்தார். "இல்ல. கீழேயேதான் இருக்கு."

"துப்பாக்கிய நேரா வச்சுட்டு, இப்ப தலையச் சாய்ங்க."

தலையைச் சாய்த்தார். மறுபக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"ஓர்லின்?"

"கூடவே வருது" என்றார்.

கேலன் சிரிக்க வாயைத் திறந்தவன் சிரிக்கவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது கஜப் பலகையில் இருக்கிற எண்ணைப் படிக்கச் சொன்னான். கொட்டை எழுத்தில் ஏழு. ஓர்லின் ஒன்று என்றார். அப்புறம் நான்கு என்றார். வலது கண்ணை மூடிக்கொண்டு ஏழு என்றார்.

"பஸ் லைசென்ஸுக்கு மெடிக்கல் எப்போ மாமா?"

"நவம்பர் இருபது."

பெரிய வண்டி ஓட்டுகிறவன் இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் படித்துக் காட்ட வேண்டும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. வழியில் லாரி வந்தபோது அவர் முகத்தைத் திருப்பியது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"காலையில எதிர்ல வர்ற விளக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

அவர் மணல் பையைத் தட்டிச் சரிசெய்தார்.

"ஓர்லின், எதிர்ல விளக்கு வந்தா ரோட்டோரம் தெரியுதா?"

"அந்த ரோட்ட நான் கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"இப்ப அதத்தானே செய்யறீங்க" என்றான் கேலன், மெதுவாக.

ஓர்லின் எழுந்தார். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தார். குண்டுகளை எண்ணாமலேயே அள்ளிப் போட்டார். எங்கள் இருவரையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சிக்கிட்டு வந்தீங்களா?" என்றார்.

"நான் கேலனோட பேசுறதே இன்னைக்குத்தான்" என்றேன்.

"பேருந்த வேற யாருக்கோ குடுக்கணும்னு யாரு சொன்னா? மார்லிஸா?"

"யாரும் சொல்லல. அது கண்ணுல புரை மாமா, வயசானா வர்றதுதான். அரை நாள் ஆபரேஷன். எங்க அம்மாவுக்கே பண்ணாங்க" என்றான் கேலன்.

"ஆபரேஷன் முடியற வரைக்கும் வேற ஒருத்தன ஏத்துவாங்க. அப்புறம் அவனே ஓட்டட்டும்னு சொல்லுவாங்க. இருவத்தாறு வருஷத்துல எத்தன பேருக்கு அப்படிச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்."

திரும்பி வரும்போது நான் ஓட்டுகிறேன் என்றேன். சாவியைக் கொடுத்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானே மார்லிஸக் கூப்டுறேன். இன்னைக்கு ராத்திரியே. நீ கூப்டக் கூடாது."

"நாளைக்குக் காலைல நீங்க ஏறக் கூடாது."

"கூப்டுறேன்னு சொன்னேன்ல."

"சரி. நானா கூப்ட மாட்டேன்."

ஏன் அப்படி வாக்குக் கொடுத்தேன் என்று அன்று மாலை முழுக்க யோசித்தேன். மார்லிஸின் எண் எங்கள் குளிர்பெட்டிக் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவன் இருபத்தாறு வருஷத்து ஓட்டுநரைக் காட்டிக்கொடுத்தான் என்ற பேச்சு, மெஷின் கன் பேச்சை விட வேகமாகப் போகும். அதையும் யோசித்தேன், மறைப்பானேன். இரண்டு தடவை எண்ணைப் போட்டு இரண்டு தடவையும் அழித்தேன். ஓர்லின் வீட்டுச் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"பொண்ண நாளைக்கு நீங்களே கார்ல கொண்டுபோய் விட்டுருங்க" என்றாள் என் மனைவி.

"மத்த பதினாலு பேரு?"

அவள் எழுந்து போய் யாழினியின் மதியச் சாப்பாட்டுப் பையை எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு நான் மட்டும் வெளியே வந்து சரளைப் பாதையின் முனையில் நின்றேன். அக்டோபர் கடைசியில் இங்கே எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். ஓர்லினின் வண்டி அவர் வீட்டு முன்னால் இல்லை. பேருந்து நிற்கும் கொட்டகைக்குப் போயிருக்கலாம். உள்ளே இருந்த துப்பாக்கியின் விசையை மாற்றக் கேலன் வண்டியோடு கொண்டுபோயிருக்கலாம். லவோன் அதை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போயிருக்க, அவர் உள்ளே படுத்திருக்கவும் செய்யலாம். லவோன் ஐந்து மணிக்கே போய்விடுவாள். இந்நேரம் வீட்டுத் தொலைபேசியை எடுப்பதாக இருந்தால் அவர் ஒருவர்தான் எடுக்க வேண்டும்.

கிழக்கே, வண்டிகள் திரும்பும் இடத்தில், இரண்டு விளக்குகள் தெரிந்தன. மேலே சின்னச் சின்ன மஞ்சள் விளக்குகள். பேருந்துதான். அதன் எதிரே ஆலையிலிருந்து பீட் லாரி ஒன்று முழு வெளிச்சத்தோடு போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் யார் என்று இவ்வளவு தூரத்தில் தெரியாது. நேராக வருகிறதா, ஓரம் ஒதுங்குகிறதா என்று பார்க்கத்தான் முடிந்தது. கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். நேராகத்தான் வருகிற மாதிரி இருந்தது. நேராகத்தானா என்றும் இருந்தது.

அவர் எடுத்தால் பேருந்தில் இருப்பது வேறு ஆள் என்று, ஓர்லின் வீட்டு எண்ணை அழுத்தினேன். வீடு பக்கத்தில்தான், மணியடிக்கிற சத்தம் போனிலும் கேட்டது, அவருடைய மூடிய ஜன்னல் வழியாகவும் லேசாகக் கேட்டது. நான்கு தடவை அடித்தது. ஐந்து. லாரியும் பேருந்தும் நெருங்கின. ஆறு. சமையலறை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.